வீட்டு வாசலில் தொடங்கும் வைத்தியம்

ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர். அதில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. வயிற்றோட்டத்தால் துவண்ட குழந்தையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை காப்பாற்றுவது இந்தக் கரைசல்தான். வன்னியில் துணுக்காயிலும் நெடுங்கேணியிலும் உட்கிராமத்தில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தாய்க்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

இந்த அறிவைக் கிராமத்துப் பெண்களின் கையிலேயே கொடுத்தவர்கள் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்னும் கிறிஸ்தவ மருத்துவத் தம்பதியர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த இவர்கள், 1970இல் மகாராஷ்டிராவின் ஜாம்கெட்டில் பணி தொடங்கினார்கள். எழுத்தறியாத, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் பலர் அங்கே சுகாதாரப் பணியாளர்கள் ஆனார்கள். பிரசவம் பார்த்தார்கள். குடிநீருக்காக ஊரைத் திரட்டினார்கள், மரம் நட்டார்கள். நோய் தீர்ப்பதும் ஊரை முன்னேற்றுவதும் ஒரே வேலையாயிற்று. 1979இல் மகசேசே விருதும் ஆரோலே தம்பதியரைத் தேடி வந்தது.

மருத்துவ அறிவை மக்கள் கையில் கொடுக்கும் இந்தப் பணிக்கு ஈழத்திலும் வேர் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்.

இன்று வன்னியில் கரித்தாஸ் போன்ற திருச்சபை அமைப்புகள், போரில் எல்லாம் இழந்த குடும்பங்களுக்குத் துணைநிற்கின்றன. அந்தப் பணி இன்னும் பல கிராமங்களுக்குப் போக வேண்டும். அரச குடும்பநல உத்தியோகத்தரோடு கைகோத்துப் போக வேண்டும்.

நேயர்களே, உங்கள் ஊரில் சுகாதாரக் கூட்டம் நடந்தால் ஒருமுறை போய் இருங்கள். கரைசல் கலக்கப் பழகி, பக்கத்து வீட்டாருக்கும் காட்டிக்கொடுங்கள்.