ராத்திரி தண்ணீர் குடிக்க யோசிக்கும் அம்மாக்கள்! - முகாம் வீடுகளின் ஆரோக்கியக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுவாணி சாலையில் போயிருக்கிறீர்களா? கோவைக் குற்றாலத்துக்கும் வெள்ளியங்கிரிக்கும் போகிற கார்கள் வரிசை கட்டும். ஆலாந்துறையை ஒட்டிய பூலுவப்பட்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது அதில் பலருக்கும் தெரியாது. கோவையிலேயே வளர்ந்த எனக்கும் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும்!

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஈரோடு மாவட்டத்தின் பவானிசாகர், அரச்சலூர் உட்பட தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள்.

இவர்களுக்கு வைத்தியம் மறுக்கப்படவில்லை. அரசு மருத்துவமனையில் இலவச சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர முகாம்வாசிகளுக்கு வருமான வரம்பும் கிடையாது. அப்புறம் என்ன பிரச்னை? நோய் ஆரம்பிக்கிற இடமே வீடுதான்.

பழைய முகாம் வீடு என்பது பெரும்பாலும் பத்துக்குப் பத்து அறை. அதற்குள்ளேயே சமையல், படிப்பு, தூக்கம். ஒருவருக்கு இருமல் வந்தால் எல்லோருக்கும் வரும். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கைக்குழந்தையோடு படுத்துப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் புரியும். பொதுக் கழிப்பறை தூரத்தில் இருந்தால், இருட்டில் போகப் பயந்து பெண்கள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். சிறுநீரை அடக்குவதும், தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். மாத்திரை கொடுத்தால் சரியாகும்தான். கழிப்பறை அதே தூரத்தில் இருந்தால் திரும்ப வருமே!

இதை முகாமுக்குள்ளிருந்தே யோசித்தவர்கள் உண்டு. தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து ஊட்டச்சத்து, கர்ப்பிணிப் பராமரிப்பு, மனநல ஆலோசனை வேலைகளைச் செய்ய வைத்தது. வெளியாளிடம் சொல்லக் கூச்சப்படுவதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிடலாம் இல்லையா?

வீட்டுப் பிரச்னைக்கு விடை கிடைக்கத் தொடங்கியது 2021 ஆகஸ்டில்தான். 317 கோடி ரூபாய் திட்டத்தில் 7,469 வீடுகள் புதிதாகக் கட்டப்படும் என சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். முகாம்களின் பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் திண்டுக்கல் மாவட்டம் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறக்கப்பட்டன.

வீடு வந்தாலும் மனசு? முகாம் ஆண்களில் நிறைய பேர் பெயின்ட்டிங் வேலைக்குப் போகிறார்கள். வெளியூரில் வேலை கிடைத்தாலும் முகாம் தணிக்கை நாளில் ஆள் இருந்தாக வேண்டும். அன்றைய கூலி போச்சு. அதைவிடப் பெரிய கவலை, குடியுரிமை. 2019 திருத்தச் சட்டத்தின் பட்டியலில் இலங்கை இல்லை. இங்கேயே பிறந்து, 'ஏனுங்க' என்று கொங்குத் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை, கல்லூரி விண்ணப்பத்தில் 'நாடு' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு அம்மா முகத்தைப் பார்க்கிறது.