ஒளியில் எழும் முகடுகள்

எங்கள் ஊரில் மும்முனை மின்சாரம் வந்ததும் அத்தனை கிணற்று மோட்டார்களும் ஒரே நொடியில் கிளம்பும். தானியங்கி ஸ்டார்ட்டர் கொண்டுவந்த வினை இது. ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும். சென்ற கோடையில் டிரான்ஸ்பார்மர் புகைந்துபோயிற்று. ஒன்பது நாள் தண்ணீரின்றி எங்கள் கடலைச் செடி வாடியது. நான் ஒளிவழிக் கம்பியில்லாத் தகவல் தொடர்பைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. இரண்டிலும் இருப்பது ஒரே சிக்கல்தான் என்பது அப்போதே எனக்குப் புலப்பட்டது.

ஒளியில் செய்தி அனுப்புவது புதிதன்று. 1880-இல் கிரகாம் பெல் சூரிய ஒளிக்கற்றையில் மனிதக் குரலையே அனுப்பினார். இன்று எல்.இ.டி. விளக்கின் ஒளியைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கூட்டியும் குறைத்தும் அனுப்புகிறார்கள். வேகம் வேண்டி, செய்தியைத் துண்டுகளாக்கி, வெவ்வேறு அதிர்வெண் கொண்ட பல அலைகளில் ஏற்றி, அவற்றைக் கூட்டி ஒரே விளக்கில் செலுத்துவார்கள். இம்முறைக்கு ஓ.எஃப்.டி.எம். என்று பெயர்.

இங்கேதான் வம்பு. ஓரலகு உயரமுள்ள 64 அலைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் கூட்டலையின் சராசரி வர்க்கமூல உயரம் ஏறத்தாழ 5.7 தான். எல்லா முகடுகளும் ஒரு கணம் ஒன்றுசேர்ந்தாலோ உயரம் 64! அதாவது 11 மடங்கு. திறனில் 128 மடங்கு. முழுவதும் சேர்வது மிக அபூர்வம். ஆனால் மூன்று மடங்கு உயரும் முகடுகளுக்குப் பஞ்சமில்லை.

எல்.இ.டி. இதைத் தாங்காது. ஓரளவு மின்னோட்டம் வரையில்தான் அதன் ஒளி நேர்விகிதத்தில் உயரும். அதற்குமேல் சூடேறும், ஒளி கூடாது. கீழ்ப்பக்கமும் எல்லை உண்டு. ஒளியில் எதிர்மறை என்பதே இல்லையல்லவா! ஆகவே அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுச் செய்தி சிதையும். அலை முழுவதையும் சிறிதாக்கினால், தூரத்தில் இரைச்சலில் மூழ்கிவிடும்.

வேண்டுமென்றே முகட்டை வெட்டிவிட்டுச் சில பிழைகளைப் பொறுத்துக்கொள்வது ஒரு வழி. எளிது, எனக்கு உடன்பாடில்லை. இன்னொரு வழி, அலைகள் தொடங்கும் கட்டங்களை மாற்றுவது. ஒரே செய்திக்கு வெவ்வேறு கட்ட வரிசைகளில் நான்கு வடிவங்களைக் கணக்கிட்டு, முகடு குறைந்த வடிவத்தை மட்டும் அனுப்புவார்கள். கணக்கு வேலை நான்கு மடங்காகும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

டிரான்ஸ்பார்மர் மாற்றியபின் ஊரார் கூடி, ஆளுக்கு இரண்டு நிமிடம் தள்ளி மோட்டார் போடுவதென முடிவு செய்தனர். அன்றிரவு அப்பாவிடம் இதைச் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். சற்று யோசித்துவிட்டு, "ஏம்பா, வரிசையை மாத்தி அனுப்பிட்டா, எந்த வரிசைன்னு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

நான் திகைத்துப்போனேன். வல்லுநர்களும் கவலைப்பட்ட கேள்வி அது. நான்கு வடிவங்களுக்கு இரண்டு பிட்டுகள் கூடுதலாக அனுப்பினால் போதும். ஆனால் அந்த இரண்டும் வழியில் பிழைபட்டால் அந்தத் தொகுப்பு முழுவதும் வீண். அதனால் அவற்றுக்குத் தனிக் காவல் வேண்டும் என்றேன்.

"அதானே பார்த்தேன்" என்றார் அப்பா.