வடித்த கஞ்சியும் நைந்த முழங்கையும்

1905ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி, கோலாலம்பூர் மனநோய் விடுதியின் சாப்பாட்டுக் கொட்டகையில் நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து இடக்கோடியிலிருந்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்கு வார்டுக்குப் போனார்கள், இரட்டைப்படை எண்காரர்கள் மேற்கு வார்டுக்கு. கிழக்கில் சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியில் சோறு. மேற்கில் இந்தியப் புழுங்கலரிசியில் சோறு. மற்ற சாப்பாட்டில் வித்தியாசமில்லை. நடுவில் ஒருமுறை இரு தரப்பையும் வார்டு மாற்றினார்கள், அரிசியை மட்டும் மாற்றவில்லை. பெரிபெரி நோய் கட்டடத்தில் ஒட்டிக் கிடக்கிறதா, தட்டில் இருக்கிறதா என்று பிரித்தறிய மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் செய்த ஏற்பாடு அது. சோதனை முடிந்தபோது, பச்சரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி கண்டிருந்தது; 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் இருந்தது இரண்டே பேருக்கு; அவர்களும் உள்ளே வரும்போதே அதோடு வந்தவர்கள். சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவர்கள் மீது நடத்திய சோதனை. இன்று எந்த மருத்துவ நெறிக்குழுவும் இதற்கு ஒப்புக்கொள்ளாது. ஆனால் மலாயாத் தோட்டத்துத் தமிழர் வீட்டு அடுப்படி காரணம் அறியாமலே சரியாகச் செய்துவந்த ஒன்று எண்ணிக்கையாக நிரூபணமானது அங்கேதான்.

பெரிபெரி முதலில் காலை மரக்க வைக்கும், பிறகு கணுக்கால் வீங்கும், கடைசியில் இதயம் ஓயும். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் இறங்கிய சீனத் தொழிலாளர்களை இந்நோய் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போனது. அதே நாட்டில், அதே மழையில் வேலை செய்த தமிழர்களை அது பெரும்பாலும் அண்டவில்லை. தாமே விளைவித்து அவ்வப்போது குத்திய அரிசியை உண்ட மலாய்க்காரர்களும் ஏறக்குறையத் தப்பினார்கள். நெகிரி செம்பிலான் மருத்துவர் பிராடன் இந்த வித்தியாசத்தைக் கவனித்து, அரிசியின் மேல் சந்தேகப்பட்டார். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் சாலை போட வந்த சாவகத் தொழிலாளர்களுக்கு இரு வகை அரிசியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து, குறை தீட்டிய அரிசியில்தான் என்று உறுதிசெய்தார்கள். ஈப்போவுக்குப் பக்கத்தில், தஞ்சோங் ரம்புத்தானில், பெரிய மனநல மருத்துவமனை 1911இல் திறக்கப்பட்டபோது, இந்தக் கேள்விக்கு மலாயாவிலேயே விடை கிடைத்துவிட்டிருந்தது.

சிக்கனம் என்றதும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டுவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. பெரிய குடும்பங்களைக் கரைசேர்த்த சிக்கனம் வேறு மாதிரியானது. ஒரு பொருள் எந்த இடத்தில் வீணாகிறது, எப்போது வீணாகத் தொடங்குகிறது என்று தெரிந்து, அதற்கு முன்பே அங்கே கை வைப்பது அதன் முறை. சோற்றுக்கும் இது பொருந்தும், சட்டைக்கும் பொருந்தும்.

அரிசியில் தயமின் என்கிற பி1 சத்து பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. பச்சை நெல்லை ஆலையில் தீட்டினால் சத்து தவிட்டோடு போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவித்தால், நீரில் கரையக்கூடிய அந்தச் சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்கு நகர்ந்துவிடும். கூடவே மாவுச்சத்து கூழாகி, காயும்போது இறுகும். மணி கெட்டியாகி, ஆலையில் நொய்யாவதும் குறையும். தோராயமாகச் சொன்னால், நூறு கிராம் தீட்டிய பச்சரிசியில் 0.07 மில்லிகிராம் தயமின், புழுங்கலரிசியில் 0.2. வளர்ந்த ஒருவருக்கு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 1.2 மில்லிகிராம். தொட்டுக்கொள்ள அதிகமில்லாமல் நானூறு கிராம் அரிசியையே நம்பிய உடம்புக்கு இந்த வித்தியாசம் உயிருக்கும் சாவுக்கும் நடுவே இருந்தது. தயமினின் வேதி அமைப்பைக் கண்டறிந்து 1936இல் அதைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்கர் ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது நெல்லூரில் என்பதும் இங்கே சொல்லத்தக்கது.

அவித்தபோது காப்பாற்றியதை அடுப்படியிலேயே கொட்டிவிடவும் முடியும். அரிசியை மூன்று நான்கு முறை கசக்கிக் கழுவினாலும், நிறைய நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தாலும் நீரில் கரையும் சத்துகள் அதோடு போகும். தோட்டத்து லயத்து வீடுகளில் வடித்த கஞ்சி கால்வாய்க்குப் போகாது. உப்புப் போட்டுக் குடித்துவிடுவார்கள், மிஞ்சினால் துணிக்கு. இதில் எனக்கு ஒரு பக்கச்சார்பு உண்டு: கஞ்சி வயிற்றுக்குப் போவதே உத்தமம். கஞ்சி போட்ட துணி விறைப்பாக நிற்கும், அழுக்கும் நூலில் இறங்காமல் கஞ்சிப் பூச்சோடு கழன்றுவிடும். ஆனால் நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் துணி சுலபமாகக் கிழியும். ஏன் என்பதைக் கீழே பார்ப்போம். இன்று வெள்ளத்தில் வேகவைத்து வடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அளந்த நீரில் நீர் வற்றும்வரை வேகவிட்டால் போதும்.

பத்துப் பேர் உள்ள வீட்டுக்கு இயற்பியலும் துணை நிற்கிறது. பானையின் அகல உயரங்களை இரட்டிப்பாக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும், வெப்பம் வெளியேறும் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். ஆகவே ஒரே பானையில் பத்துப் பேருக்குச் சமைக்க ஆகும் எரிவாயு, ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சமைப்பதைவிட வெகு குறைவு. கொதி வந்தபின் தீயைக் கூட்டுவதால் சோறு சீக்கிரம் வேகாது. திறந்த பானையில் நீர் நூறு பாகைக்கு மேல் ஏறாது, கூடுதல் தீயெல்லாம் ஆவியாகப் போகும். மூடி போட்டுத் தணலில் விடுவதும் பருப்பை முன்னிரவே ஊறவைப்பதும் பணம் மிச்சம் பிடிக்கிற வேலைகள். சோறும் பருப்பும் சேரும்போது ஒன்றில் குறைவாக உள்ள லைசினை மற்றது நிரப்புகிறது. முள்ளோடு தின்னும் நெத்திலி சுண்ணாம்புச் சத்து தருகிறது. மலாய்க்காரர் வீட்டுத் தெம்பே, பாசாரில் கிடைக்கும் மலிவான புரதங்களில் ஒன்று. அது நம் சாம்பார்ச் சட்டிக்குள் இன்னும் நுழையவில்லை என்பது வியப்புதான்.

மிஞ்சிய சோற்றைப் பற்றி எழும் ஆட்சேபம் நியாயமானது. சமைத்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதியையும் தாங்கி உயிரோடிருக்கும். சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சு சுரக்கும். வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு மறுநாள் பொரித்தாலும் அழியாது. சோறு தாங்காது என்பதை இராணுவமே பயன்படுத்தியது. 1950களின் பிற்பகுதியில், மலாயா அவசரகாலத்தின்போது, பேராக்கின் சில பகுதிகளில் வீடுகளுக்கு அரிசி கொடுக்காமல் பொதுச் சமையற்கூடத்தில் சமைத்த சோறாகவே கொடுத்தார்கள். காட்டிலிருந்த கெரில்லாக்களுக்குக் கடத்தினால் அது போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும் என்பது கணக்கு. பழைய சோற்றின் நிலை சற்று வேறு. நீரில் மூழ்கியதால் வேகமாக ஆறுகிறது, லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கின்றன, புளிப்பு மற்ற கிருமிகளை அடக்குகிறது. இருந்தாலும் உத்தரவாதம் எதுவுமில்லை. சுத்தமான பாத்திரம், நல்ல நீர், காலையிலேயே உண்டு முடிப்பது என்ற ஒழுங்கு இருந்தால் பழைய சோறு. அந்த ஒழுங்கு இல்லாத வீட்டில் ஆறியதும் குளிர்பெட்டி. மேசையில் இரவெல்லாம் கிடந்த சோற்றைக் காலையில் பசியாற நாசி கோரெங்காக்குவதுதான் இவற்றில் மோசமான யோசனை.

இனி துணி. பருத்தி நூல் என்பது இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள இழைகளை முறுக்கிய கயிறு. உராய்வு ஒன்றே அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. முழங்கையும் காற்சட்டைப் பின்புறமும் தேயத் தேய இழைகள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வெளியேறும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டை விழுவதற்கு வெகுநாள் முன்பே அந்த இடம் சல்லடையாகத் தெரியும். ஓட்டை விழுந்தபின் கதை வேகமாக நகரும். அறுந்த நூல்கள் தாங்கியிருக்க வேண்டிய இழுவை, கிழிசலின் முனையில் நிற்கும் அடுத்த நூல் மேல் விழுகிறது. கிழிசல் நீளமாக ஆக அந்தச் சுமையும் ஏறுகிறது. தளர்வான நெசவில் முனையருகே நூல்கள் நகர்ந்து ஒன்றாகக் கூடி நின்று சுமையைப் பகிர்ந்துகொள்ளும். கஞ்சி அந்த நகர்வைத்தான் தடுக்கிறது.

தையல் தெரிந்த பெண்கள் இழையோட்டும்போது செய்ததையெல்லாம் இந்தக் கணக்கு விளக்கிவிடும். ஊசி ஓட்டையின் விளிம்பில் தொடங்காது; நைந்த பகுதியையும் தாண்டி, உறுதியான துணியில் தொடங்கும். முதலில் பாவு வாக்கில் நெருக்கமாக நூல் ஓட்டி, பிறகு ஊடு வாக்கில் ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோத்து, நெசவையே மறுபடி நெய்துவிடுவார்கள். ஒட்டுப் போடுவதானால் புதுத் துணி கூடாது, பலமுறை துவைத்த பழைய துணி வேண்டும். புதியது முதல் துவைப்பில் சுருங்கி இழுக்கும், விறைப்பாக இருப்பதால் ஒட்டின் ஓரத்திலேயே புதிய கிழிசல் பிறக்கும். நைலான் நூலும் கூடாது. துணியைவிட வலுவான நூல் துணியை அறுத்துவிடும், நூல் அறுந்தால் மறுபடி தைக்கலாம். பால் மரம் வெட்டப் போகிறவர்கள் கிழிந்ததை ஒட்டுப்போட்டு அணிந்தது வறுமையால் மட்டும் அல்ல. ரப்பர் பால் துணியில் உறைந்துவிட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாது. வேலைக்கு நல்ல துணி உடுத்துவது நஷ்டம்.

சண்டே பாசாரிலும் பண்டல் கடையிலும் சில வெள்ளிக்குச் சட்டை கிடைக்கும் காலத்தில் யார் தைத்துக்கொண்டிருப்பார் என்று கேட்கலாம். பின்னல் டி-சட்டையைப் பொறுத்தவரை கேட்பவர் பக்கமே நியாயம். நைந்தது பரவலாக இருந்தால் அதைப் பிடித்துணியாக்குங்கள். ஆனால் பெரும்பாலான உடுப்புகளில் துணிக்கு முன் தையல்தான் விடுகிறது. தொடக்கப்பள்ளிப் பெண்பிள்ளையின் கருநீல ஆடையில் கீழ்மடிப்பை அகலமாக விட்டுத் தைத்தால், ஆண்டுக்கொருமுறை இறக்கிவிட்டு, பிறகு தங்கைக்குக் கொடுக்கலாம். நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் பள்ளி திறக்கும் மாதத்தில் இது கணிசமான தொகை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: இதெல்லாம் ஏழ்மைக்குப் பூச்சூட்டுவது. ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம். புழுங்கலரிசி பெரிபெரியைத் தடுத்தது. கொக்கிப்புழுவையும் சோகையையும் தடுக்கவில்லை, குறைந்த கூலியைக் கூட்டவும் இல்லை. ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று சாக்கை உடுத்திய காலத்தில் எந்தக் கைத்திறனும் பற்றாக்குறையை ஈடுகட்டவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, மரம் வெட்டி, பால் எடுத்துவிட்டு வந்த பெண்ணின் இரவு நேரத்தில்தான் இந்தச் சிக்கனம் முழுவதும் நடந்தது. அந்த உழைப்புக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. ஊசியும் அகப்பையும் ஒருவர் கையிலேயே இருக்கும்வரை இந்தக் குற்றச்சாட்டு நிற்கும்.

உணவுக் கணக்கும் இப்போது மாறிவிட்டது. 2019 தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரில் அது 31.4 விழுக்காடு. புழுங்கலரிசி பச்சரிசியைவிட மெதுவாகச் செரிக்கும் என்பது உண்மைதான், அதற்காக மூன்றாம் கரண்டி சோற்றுக்கு அனுமதி கிடைத்துவிடாது. அன்று நானூறு கிராம் அரிசி தேவைப்பட்டது நாள் முழுக்க மரத்துக்கு மரம் நடந்த உடம்புக்கு. தாமான் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அதில் பாதி போதும். மிச்சமாகும் அரிசிக் காசைப் பருப்பிலும் நெத்திலியிலும் முருங்கைக்கீரையிலும் போடுங்கள். இழையோட்டுவதைப் பெண்பிள்ளைக்கு மட்டுமின்றிப் பையனுக்கும் கற்றுக்கொடுங்கள்.