பவர் பேங்க் வாங்கும் முன்: மலைப் பயணத்துக்கும் உம்ராவுக்கும் ஒரே கணக்கு



ஜவ்வாது மலையில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால் எங்காவது ஒரு மரம் மின்கம்பியின் மேல் சாய்ந்துவிடும். கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு வேண்டும் என்றுதான் காவலூரில் வானாய்வகம் அமைத்தார்கள். 1986-ல் அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியும் வந்தது. நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு நல்லதாக இருக்கும் அந்த இருட்டு, போனில் சார்ஜ் தீர்ந்து நிற்பவருக்கு நல்லதல்ல.

முன்பு கரண்ட் போனால் விளக்கு மட்டும்தான் அணையும். இன்று வங்கியின் ஓடிபி, பிள்ளைகளின் வகுப்பு, வீட்டிலிருந்து செய்யும் வேலை, 108 ஆம்புலன்ஸ் அழைப்பு எல்லாமே போனுக்குள் இருக்கின்றன. உம்ரா செல்வோருக்கு மதீனாவில் ரவ்ழா ஷரீஃப் செல்லும் அனுமதியே நுசுக் செயலியில்தான் கிடைக்கிறது. அதனால் பவர் பேங்க் ஆடம்பரம் என்ற நிலை மாறி, வீட்டில் இருக்க வேண்டிய பொருளாகிவிட்டது. எத்தனை எம்ஏஎச் வாங்கலாம், விமானத்தில் விடுவார்களா, மலிவாகக் கிடைப்பதை நம்பலாமா என்ற மூன்று கேள்விகள்தான் நம் மக்களிடம் அடிக்கடி எழுகின்றன. அவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

எம்ஏஎச் பாதிக் கணக்குதான்

பெட்டியின் மேல் பெரிதாக 10,000, 20,000 என்று போட்டிருப்பது உள்ளே உள்ள பேட்டரியின் எம்ஏஎச் அளவு. ஆனால் உண்மையில் எவ்வளவு மின்சாரம் சேமிக்கப்படுகிறது என்பதைச் சொல்வது வாட் அவர். கணக்கு எளிது. எம்ஏஎச் எண்ணை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுக்க வேண்டும். 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட் அவர். 20,000 என்றால் 74. 27,000 என்றால் ஏறக்குறைய 100. 30,000 என்றால் 111.

இன்று பெரும்பாலான போன்களில் 5000 எம்ஏஎச் பேட்டரி இருக்கிறது. அது சுமார் 19 வாட் அவர். பவர் பேங்கிலிருந்து போனுக்கு மின்சாரம் போகும்போது 15 முதல் 20 சதவீதம் வரை சூடாகி வீணாகும். ஆகவே 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒரு போனை ஒன்றரை முறை நிரப்பும். 20,000 மூன்று முறை நிரப்பும். நான்கு முறை நிரம்பவில்லையே, ஏமாற்றிவிட்டார்களே என்று எண்ண வேண்டாம்.

பெட்டியில் சிறிய எழுத்தில் ரேட்டட் கெபாசிட்டி என்று ஒரு எண் இருக்கும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் அது 12,000-க்கும் 13,000-க்கும் இடையில் இருப்பது வழக்கம். உள்ளே 3.7 வோல்ட்டில் இருப்பது வெளியே 5 வோல்ட்டாக மாறி வருவதால் இந்த வித்தியாசம் வருகிறது. இந்த எண்ணைச் சிறிய எழுத்திலாவது அச்சிட்ட நிறுவனம் கணக்கை மறைக்கவில்லை என்று கொள்ளலாம்.

எடையே பொய் சொல்பவரைக் காட்டிக்கொடுக்கும்

சந்தையிலும் இணையத்திலும் 50,000 எம்ஏஎச் என்று எழுதி, சட்டைப்பையில் அடங்கும் அளவில் சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். இது நடக்காத காரியம். பவர் பேங்கில் பரவலாக வைக்கப்படும் உருளை பேட்டரி ஒன்றின் எடை 45 முதல் 50 கிராம். அதன் அளவு கூடிப்போனால் 3500 எம்ஏஎச். அப்படியானால் 20,000 எம்ஏஎச்சுக்குக் குறைந்தது ஆறு பேட்டரி வேண்டும். பேட்டரி மட்டுமே கால் கிலோவைத் தாண்டும். 50,000 என்றால் பதினைந்து பேட்டரி, முக்கால் கிலோவுக்குப் பக்கம். கையில் தூக்கிப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். எடையைக் கூட்ட உள்ளே மணல் வைத்த போலிகளும் இருப்பதால், எடையை மட்டும் நம்பிவிடக் கூடாது.

இந்தியாவில் விற்கப்படும் பவர் பேங்குக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். அதில் ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் அந்த ஆர் எண்ணைப் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருள் என்று காட்டும். கடையிலேயே நின்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பில் இல்லாமல் வாங்க வேண்டாம். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்வதற்கு அந்த பில்தான் ஆதாரம்.

விமானத்தில் என்ன விதி?

உம்ரா, ஹஜ், வளைகுடா வேலை என்று நம் குடும்பங்களில் பயணம் அதிகம். ஆகவே இதைக் கவனமாகப் படியுங்கள்.

பவர் பேங்கை செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். 100 வாட் அவர் வரை எடுத்துச் செல்லலாம். 100-க்கும் 160-க்கும் இடையில் என்றால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். 160-ஐத் தாண்டினால் பயணிகள் கொண்டு செல்லவே முடியாது. மேலே சொன்ன கணக்கின்படி 20,000 எம்ஏஎச் தாராளமாகப் போகும். 30,000 எம்ஏஎச் அனுமதி கேட்கும். வாட் அவர் எண் அழிந்து போயிருந்தாலோ அச்சிடப்படாமலே இருந்தாலோ பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடலாம்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், ஹாங்காங் புறப்பட இருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் வெளியேற்றப்பட்டார்கள், விமானம் எரிந்து நாசமானது. தலைக்கு மேல் உள்ள பெட்டியறையில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று கொரிய அரசின் இடைக்கால விசாரணை கூறியது. அதன்பின் பல நாடுகள் விதிகளை இறுக்கின. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒரே ஒரு பவர் பேங்க், அதுவும் 100 வாட் அவருக்குள் என்று வைத்தது. விமானத்துக்குள் அதில் போனைச் சார்ஜ் போடவும் கூடாது. தலைக்கு மேல் பெட்டியில் வைக்காமல் இருக்கைப் பையிலோ இருக்கைக்கு அடியிலோ வைக்க வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. டிக்கெட் எடுத்த விமான நிறுவனத்திடம் பயணத்துக்கு முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

யாருக்கு எது போதும்?

உம்ரா செல்லும் குடும்பம் நான்கு பேருக்குச் சேர்த்து ஒரே பெரிய பவர் பேங்க் வாங்குவதைவிட, ஆளுக்கொரு 10,000 எம்ஏஎச் வைத்திருப்பது நல்லது. விமான விதிக்கும் அது பொருந்தும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால், வயதானவர் கையிலும் உயிருள்ள போன் இருக்கும். ஒருவர் பையில் இருக்கும் பெரிய பவர் பேங்க் மற்ற மூவருக்கும் அந்த நேரத்தில் உதவாது.

மலைக்கு ஒருநாள் போய் வருபவருக்கு 10,000 போதும். மலையில் சிக்னல் பலவீனமான இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். சிக்னல் இல்லாத இடத்தில் ஏரோபிளேன் மோடில் போட்டு வைத்தாலே பாதிச் சார்ஜ் மிஞ்சும். கரண்ட் நீண்ட நேரம் போனால் செல்போன் டவரின் பேட்டரியும் தீர்ந்துபோகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். போனில் சார்ஜ் இருந்தாலும் அப்போது பேச முடியாது. தேவையான எண்களைத் தாளில் எழுதி வைப்பதும், ஊருக்குள் போய்ச் சேரும் நேரத்தை வீட்டில் முன்பே சொல்லிவிடுவதும் எந்தப் பவர் பேங்கையும்விட நம்பகமானவை.

லேப்டாப்பில் வேலை செய்பவருக்கு எம்ஏஎச் மட்டும் பார்த்தால் போதாது. லேப்டாப் சார்ஜரின் மேல் 45 வாட் அல்லது 65 வாட் என்று இருக்கும். பவர் பேங்கும் டைப் சி வழியாக, பவர் டெலிவரி முறையில் அதே வாட் தர வேண்டும். பாஸ்ட் சார்ஜ் 22.5 வாட் என்று விற்பது பெரும்பாலும் போனுக்கானது. அதில் லேப்டாப் ஏறாது, ஏறினாலும் ஆமை வேகம்தான். 60 வாட்டுக்கு மேல் என்றால் கேபிளும் 100 வாட் தாங்கும் கேபிளாக இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சாதாரண லேப்டாப்பை ஏறக்குறைய ஒருமுறை நிரப்பும்.

வைஃபை ரூட்டருக்குப் பெரும்பாலும் 12 வோல்ட் வேண்டும். பவர் பேங்கின் சாதாரண 5 வோல்ட் வாயில் அது ஓடாது. அதற்கென்றே ரூட்டர் மினி யுபிஎஸ் விற்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு அதுவே பொருத்தம்.

வீட்டில் நெபுலைசர், ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருக்கும் நோயாளி இருந்தால், தயவுசெய்து பவர் பேங்கை நம்பி இருக்க வேண்டாம். அவை பெரும்பாலும் 230 வோல்ட்டில் ஓடுபவை. அதற்கு இன்வெர்ட்டர்தான் வழி. எந்த அளவு வேண்டும் என்பதை மருத்துவரிடமும் எலக்ட்ரீசியனிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வெயிலும் தீயும்

லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் எதிரி. 45 டிகிரிக்கு மேல் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் 51.8 டிகிரி வெயில் பதிவானது. அப்படிப்பட்ட இடத்தில் வெயில் படும்படி வைக்காமல் பைக்குள் துணி சுற்றி வைத்து, அறைக்கு வந்தபின் சார்ஜ் போடுங்கள். நம் ஊரிலும் கோடையில் காரின் டாஷ்போர்டில் விட்டுச் செல்லக் கூடாது. தலையணைக்கு அடியில் வைத்தோ, மெத்தை மேலோ, எல்லோரும் தூங்கும் நேரத்திலோ சார்ஜ் போட வேண்டாம். சிமெண்ட் தரையோ டைல்ஸ் தரையோ நல்லது.

பெயர் பெற்ற நிறுவனம் என்பதும் முழு உத்தரவாதமல்ல. 2025 ஜூன் மாதம் ஆங்கர் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பவர் பேங்குகளைச் சூடாகித் தீப்பிடிக்கும் அபாயம் கருதித் திரும்பப் பெற்றது. நல்ல நிறுவனமாக இருந்தால் அறிவித்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும். பெயர் தெரியாதவரிடம் வாங்கினால் சொல்வதற்கும் ஆளில்லை.

பவர் பேங்க் உப்பியிருந்தால், வாடை வந்தால், தொட முடியாத அளவு சுட்டால் அன்றோடு அதை நிறுத்திவிடுங்கள். குத்தவோ பிரிக்கவோ வேண்டாம். குப்பையிலும் போடாதீர்கள், குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். வீட்டுக்கு வெளியே, பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் மணல் நிரப்பிய பாத்திரத்தில் வைத்து, மின்கழிவு பெறுபவரிடம் ஒப்படையுங்கள். தீப்பிடித்தால் முதலில் ஆட்களை வெளியேற்றி 101-ஐ அழையுங்கள். சுவர் பிளக்கில் மாட்டியிருந்தால் மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகே, தூரத்தில் நின்று நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். புகையைச் சுவாசிக்கக் கூடாது.

வாட் அவர், ஆர் எண், எடை, பில். கடைக்குப் போகும்போது இந்த நான்கையும் நினைவில் வைத்தால் போதும். உங்கள் மஹல்லாவிலிருந்து உம்ராவுக்குப் புறப்படுவோர் யாராவது இருந்தால், விமான விதி பற்றிய பகுதியை அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். வயதானவர்களின் போனில் குடும்பத்தார் எண்ணையும், அவர்கள் கைப்பையில் அதே எண் எழுதிய தாளையும் வைத்து அனுப்புங்கள். அனைவரின் பயணமும் நலமாக அமைய துஆ செய்கிறோம்.