ரேசரின் எடையே போதும்

தாத்தாவின் ஷேவிங் சாமான்கள் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தன. மூன்று பாகமாகக் கழலும் ரேசர், முடி கொட்டிப்போன பிரஷ், எண்ணெய்த்தாளில் சுற்றிய இரண்டு பிளேடு. ரேசரைக் கழுவி, புது பிளேடு போட்டு, அன்று காலையே ஷேவ் செய்தேன். கழுத்தில் நாலு இடத்தில் ரத்தம். மறுநாள் சட்டைக் காலர் பட்டாலே எரிந்தது. பழைய ரேசர் அப்படித்தான் இருக்கும் என்று மறுபடி டின்னுக்குள் போட்டுவிட்டேன். அது என் கையின் தவறு என்று தெரிய ஒரு வருஷம் ஆயிற்று.

இப்போது நிறையப் பேர் இந்த இரட்டை முனை பிளேடு ரேசருக்குத் திரும்புகிறார்கள். ஒரு டீ, வடை காசுக்கு ஐந்து பிளேடு கிடைக்கிறது என்பது ஒரு காரணம். சுருள் தாடிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பல பிளேடு கொண்ட கார்ட்ரிட்ஜில் முதல் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுக்கிறது. அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு வெட்டிவிடுகிறது. முடி தோல் மட்டத்துக்குக் கீழே நின்றுவிடும். நேரான முடிக்கு இதில் தொல்லை இல்லை. சுருண்ட முடி வளரும்போது வெளியே வர வழி தவறித் தோலுக்குள்ளேயே குத்தி, கழுத்தெல்லாம் சிவந்த கட்டிகளாகிறது. ஒற்றை விளிம்பில் வெட்டினால் இந்தத் தொந்தரவு பெரும்பாலும் குறையும்.

இந்த ரேசரின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் விற்பனையாளராக இருந்த கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு, தீட்டவே வேண்டாத, மழுங்கியதும் தூக்கிப்போடும் பிளேடு ஒன்று செய்ய வேண்டும் என்ற யோசனை 1895-இல் வந்தது. யோசனை சுலபம், செய்வதுதான் கஷ்டம். தாள் போல மெல்லிய எஃகைச் சூடேற்றிக் கடினமாக்கினால் அது நெளிந்துபோகும். அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். 1903-இல் விற்பனை தொடங்கியது. முதல் வருஷம் விற்றது 51 ரேசரும் 168 பிளேடும். காப்புரிமை 1904 நவம்பரில் கிடைத்தது.

அந்த மெல்லிய பிளேடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதி வித்தை கைக்கு வந்த மாதிரி. பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர்தான். விரலில் பிடித்தால் வளையும். அதை அடித்தட்டின் மேல் வைத்து, மேல்மூடியைப் போட்டுக் கைப்பிடியைத் திருகும்போது மூடி பிளேடை வில் போல வளைத்து இறுக்குகிறது. வளைந்த பிறகுதான் அதற்கு விறைப்பு வருகிறது. திருகு தளர்ந்திருந்தால் விளிம்பு அதிரும். முடியை வெட்டாமல் பிய்க்கும். கோணலாக மாட்டியிருந்தால் ஒரு பக்கம் விளிம்பு அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டு தோலைக் கடிக்கும். நான் முதல் நாள் ரத்தம் பார்த்ததற்கு ஒரு காரணம் இதுதான். பிளேடு மாற்றியதும் ரேசரை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் விளிம்பு ஒரே அளவு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் திருகைத் தளர்த்தி, பிளேடின் வெட்டாத குட்டைப் பக்கங்களைப் பிடித்து நேராக்கி, மறுபடி இறுக்குங்கள். விரலுக்கு இறுகினால் போதும், முஷ்டி பலம் வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். காய்ந்த தாடி முடி விறைப்பானது. இரண்டு மூன்று நிமிஷம் ஊறினால் தண்ணீரை உறிஞ்சி உப்பி மிருதுவாகிறது. அதை வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைகிறது. குளித்து முடித்த கையோடு ஷேவ் செய்யச் சொல்வது இதற்காகத்தான். குளிப்பதற்கு முன்பே ஷேவ் செய்வது உங்கள் வழக்கமென்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முகத்தில் இரண்டு நிமிஷம் போட்டுக்கொள்ளுங்கள்.

நுரைக்கு வரும்போது நம் ஊர்க்காரர்கள் பலரும் தோற்பது சோப்பால் அல்ல, தண்ணீரால். சென்னைப் புறநகரில் என் வீட்டு போர்வெல் தண்ணீரில் எந்த சோப்பும் நுரைக்காது. அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகப் படிந்துவிடுகின்றன. அந்த அளவு சோப்பு வீண். மிச்சமிருக்கும் சோப்பு நுரைப்பதற்குள் பொறுமை போய்விடும். நல்ல கிரீம் இல்லை என்று நான் மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தேன். ஒரு நாள் குடிக்கும் கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து, அதே பழைய கிரீமைக் குழைத்தேன். கிண்ணம் பொங்கி வழிந்தது. நுரைக்கு ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் போதும். முகம் கழுவ, ரேசர் அலச உப்புத் தண்ணீரே இருக்கட்டும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது ஒன்றுமில்லை.

பிரஷை ஒரு நிமிஷம் நீரில் ஊறவைத்து, ஒரு உதறு உதறுங்கள். பாதாம்பருப்பு அளவு கிரீம் போதும். கிண்ணத்திலோ நேராகக் கன்னத்திலோ வட்டமாகக் குழைக்க வேண்டும். முதலில் பெரிய குமிழிகளாக வரும் நுரையைப் பார்த்து நிறுத்திவிடுகிறோம். அது காற்று, நுரை அல்ல. முகத்தில் போட்டால் அரை நிமிஷத்தில் காய்ந்துவிடும். விரல் நுனியால் மூன்று நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, மறுபடி குழையுங்கள். இன்னும் நாலு சொட்டு. குமிழிகள் மறைந்து, கெட்டித் தயிர் போலப் பளபளப்போடு படியும் ஒரு பதம் வரும். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழுக்க வேண்டும். அந்த வழுக்கல்தான் பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே நிற்கும் ஒரே காவல். டின்னிலிருந்து பீய்ச்சும் நுரையை நான் குறை சொல்ல மாட்டேன், அவசரத்துக்கு உதவும். இந்த ரேசருக்கு மட்டும் அது போதவில்லை.

இனி கை. கார்ட்ரிட்ஜ் ரேசரின் தலை கழுத்தசைத்து, முகத்தின் வளைவுக்கு ஏற்பத் தானே கோணம் மாற்றிக்கொள்ளும்; அழுத்தினாலும் பொறுத்துக்கொள்ளும். பழைய ரேசரின் தலை அசையாது. கோணத்தை நாம்தான் தர வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: மேல்மூடியைக் கன்னத்தில் வையுங்கள். சுவரில் அடித்த ஆணி போல, கைப்பிடி கன்னத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் இழுத்தால் ஒன்றும் வெட்டாது. இப்போது மெல்ல இழுத்துக்கொண்டே கைப்பிடியைக் கீழே இறக்குங்கள். ஓரிடத்தில் விளிம்பு முடியைத் தொடும். சரக்சரக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அங்கே நிறுத்துங்கள். தோலுக்கும் பிளேடுக்கும் இடையே சுமார் 30 டிகிரி இருக்கும். இதற்கும் கீழே கைப்பிடியை இறக்கினால் விளிம்பு தோலைச் சுரண்ட ஆரம்பிக்கும். கண்ணாடியைப் பார்ப்பதைவிட அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஷேவ் செய்வது கோணம் பழகச் சீக்கிர வழி. மின்விசிறியையும் குழாயையும் நிறுத்திவிட்டுச் செய்து பாருங்கள்.

அழுத்தத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். பித்தளையில் செய்து முலாம் பூசிய ரேசருக்கு நல்ல எடை உண்டு. அந்த எடையே வெட்டப் போதும். கைப்பிடியை முஷ்டியில் பிடிக்காதீர்கள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மட்டும், கைப்பிடியின் அடிப்பகுதியில், பேனா பிடிப்பதைவிடத் தளர்வாக. தலைக்குப் பக்கத்தில் பிடித்தால் அறியாமலே அழுத்துவோம். அலுமினியத்தில் செய்த லேசான ரேசர்களுக்கு இறகு தொடுவது போல ஒரு சிறு துணை தேவைப்படலாம். அவ்வளவுதான்.

எங்கள் தெரு முனையில் சலூன் வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் என் கழுத்துக் காயத்தைக் காட்டினேன். உறையோடு ஒரு பிளேடை எடுத்து வளைத்து நெட்டுக்கு இரண்டாக ஒடித்து, பாதியைத் தன் கத்தியில் செருகிக்கொண்டே சொன்னார்: “தம்பி, கத்தியை ஏன் அழுத்துறீங்க? தோலை இழுத்துப் பிடிங்க, கத்தி தானாப் போகும்.” பிறகு செய்து காட்டினார். இடது கைக் கட்டைவிரலைக் காதுக்கு முன்னால் வைத்து, கிருதாவுக்குக் கீழே தோலை மேல்நோக்கி நீவிப் பிடித்தார். தாடைக்குக் கீழே வரும்போது என் தலையைச் சாய்த்து, கழுத்துத் தோலை எலும்பின் மேலே ஏற்றிக்கொண்டார். பள்ளம் இருந்த இடம் சமதளமானது. அடுத்தது குரல்வளை. தோலைப் பக்கவாட்டில் ஒரு விரல் அகலம் நகர்த்தி, மேட்டின் மேல் அல்லாமல் பக்கத்தில் வைத்து வழித்தார். மூன்று நிமிஷத்தில் நான் கற்றது அதற்கு முன் நானாகக் கற்றதைவிட அதிகம். ஈரக் கன்னம் வழுக்கினால் விரல் நுனியில் கொஞ்சம் படிகாரம் தடவிக்கொண்டால் பிடி கிடைக்கும் என்பதும் அவர் சொன்னதே.

முடி எந்தப் பக்கம் போகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கன்னத்தில் கீழ்நோக்கி என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். கழுத்தில்தான் குழப்பம். எனக்கு வலது கழுத்தில் மேல்நோக்கியும், இடது கழுத்தில் காதுப்பக்கம் சாய்ந்தும் வளர்கிறது. இரண்டு நாள் ஷேவ் செய்யாமல் விட்டு, விரலால் எல்லாத் திசையிலும் தடவிப் பாருங்கள். வழவழப்பாகப் போகும் திசை முடியின் போக்கு. உரசும் திசை எதிர்ப்போக்கு. ஒரு தாளில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டு வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் மனப்பாடம்.

முதல் சுற்று முழுக்கப் போக்கோடு. சிறு சிறு இழுப்பாக, இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போகாமல். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு முறை ரேசரை அலசித் திருப்பிக்கொள்ளலாம். இரண்டு விளிம்பு இருப்பதன் வசதி அது. முதல் சுற்றில் முகம் வழவழப்பாகாது, ஆக வேண்டியதும் இல்லை. முடியை ஒரே இழுப்பில் ஒழிக்கப் பார்ப்பதுதான் காயத்துக்கு மூலம். சுற்றுக்குச் சுற்று குறைத்துக்கொண்டே வர வேண்டும். மறுபடி நுரை போட்டு, இரண்டாவது சுற்று குறுக்குவாட்டில். வேலைக்குப் போகும் நாளில் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எதிர்ப்போக்கில் மூன்றாவது சுற்று கையும் தோலும் பழகிய பிறகு, அதுவும் கன்னத்தில் மட்டும். கழுத்தில் கட்டி வரும் சுருள் தாடிக்காரர்கள் எதிர்ப்போக்கு பக்கமே போக வேண்டாம். நுரை இல்லாத இடத்தில் ‘இன்னும் ஒரே ஒரு இழுப்பு’ என்று பிளேடை வைப்பது யாருக்குமே ஆகாது.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு படிகாரக் கல்லைத் தேய்த்து, அரை நிமிஷம் விட்டுக் கழுவுங்கள். படிகாரம் ரத்தத்தில் உள்ள புரதத்தை உறையவைத்துச் சிறு கீறல்களை அடைக்கும். எனக்கு அது ஒரு வாத்தியாரும்கூட. எங்கே எரிகிறதோ அங்கே அன்று அழுத்தியிருக்கிறேன். ஆரம்பத்தில் முகம் முழுக்க எரிந்தது, பிறகு கழுத்து மட்டும், இப்போது சில நாள் இடது தாடைக்குக் கீழே ஒரு காசு அளவு இடம்.

பிளேடு எத்தனை நாள் வரும்? எனக்கு நாலு அல்லது ஐந்து ஷேவ். அடர்ந்த தாடிக்கு மூன்றே வரலாம். பிய்ப்பது போலத் தோன்றிய அன்றே மாற்றிவிடுங்கள். முடியைவிட எஃகு சுமார் 50 மடங்கு கடினம், அப்படியிருந்தும் ஏன் மழுங்குகிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, 2020-இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். விளிம்பு தேய்வதைவிட, நுண்ணிய சில்லுகளாகப் பெயர்ந்துதான் கெடுகிறது. முடி வளைந்து சாய்வாக மோதும் இடங்களில், எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத புள்ளிகளில் இது நடக்கிறது. அந்தக் காலத்தில் கார்பன் எஃகு பிளேடைக் கண்ணாடி டம்ளரின் உட்புறம் தேய்த்துத் தீட்டுவார்கள். என் தாத்தாவும் செய்ததாக அம்மா சொல்வார். 1960களில் பரவிய துருப்பிடிக்காத பிளேடுகளின் விளிம்பில் வழுக்கும் பூச்சு உண்டு. தேய்த்தால் அது போய்விடும். துண்டால் துடைப்பதும் வேண்டாம். அலசி, உதறி, காற்றில் காயவைத்தால் போதும்.

பழைய ரேசர் கிடைத்தால், பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷும் கொண்டு திருகு மரை, மூடியின் உட்புறம் எல்லாம் தேயுங்கள். பல வருஷத்து சோப்புக் கசடு அங்கேதான் இருக்கும். கொதிக்கும் நீரும் புளியும் முலாமைக் கெடுக்கலாம். பிறகு ஸ்பிரிட்டில் துடைத்து எடுங்கள். பிறர் பயன்படுத்திய பிளேடை மட்டும் எக்காரணத்துக்கும் தொடக்கூடாது. ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுமே ரத்தம் பட்ட பிளேடால் தொற்றக்கூடியவை.

தீர்ந்த பிளேடை அப்படியே குப்பையில் போட்டால் அது துப்புரவுப் பணியாளரின் கையைக் கிழிக்கும். ஒரு பழைய தகர டப்பாவின் மூடியில் பிளேடு நுழையும் அளவுக்குக் கீறல் போட்டு, மூடியை ஒட்டி, அதில் சேருங்கள். நிறைந்ததும் டேப் சுற்றி, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, வாங்க வருபவரிடம் சொல்லிக் கொடுங்கள். நான் தாத்தாவின் பிஸ்கட் டின்னையே அதற்கு வைத்திருக்கிறேன். மூன்று வருஷமாகிறது, இன்னும் கால்வாசி நிறையவில்லை.