சொன்ன பிள்ளையைக் கைவிடாதீர்கள்!

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம், "இன்று என்ன பாடம் நடந்தது?" என்று கேட்கிறோம். "கணக்கில் எத்தனை மதிப்பெண்?" என்று கேட்கிறோம். "உன்னை யாரேனும் நோகடித்தார்களா?" என்று கேட்கிறோமா? நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழுவது அரிது. ஒருவேளை கேட்டு, பிள்ளையும் வாய் திறந்து சொல்லிவிட்டால், அதன் பிறகு நாம் செய்வது என்ன? இந்த இரண்டாவது கேள்வியையே வாசகச் சகோதர சகோதரிகளின் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறேன்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை, உடன் படித்தவர்கள் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தி வந்தனர். மனம் வெறுத்த அந்த மாணவர் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்திவிட்டார். ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தபோது உண்மை வெளியே வந்தது. அதனை அடுத்து, அரிவாளுடன் வீடு புகுந்தவர்கள் அவரை வெட்டினார்கள். தடுக்க ஓடி வந்த தங்கையையும் விட்டுவைக்கவில்லை. இறையருளால் இருவரும் உயிர் பிழைத்தனர். அந்த மாணவர் மறு ஆண்டே பிளஸ் டூ தேர்வில் வெற்றியும் பெற்றார்.

அன்பர்களே, சிந்தித்துப் பாருங்கள். அவர் சொன்னதா தவறு? இல்லவே இல்லை. சொன்ன நேரத்திற்கும் அரிவாள் வந்த நேரத்திற்கும் இடையே அந்தப் பிள்ளைக்கு ஒரு காவல் இல்லாமல் போனதே தவறு. பிள்ளையைப் பேச வைப்பதோடு நம் கடமை தீர்ந்துவிட்டது என்று எண்ணுகிறோம். உண்மையில் அங்கேதான் நம் கடமை தொடங்குகிறது.

ஸப்ரு என்பது இதுவா?

"அது எங்கோ தெற்கே நடந்தது, நம் ஊரில் அப்படி இல்லையே" என்று சொல்பவர்கள் உண்டு. அங்கே அரிவாளில் முடிந்த கொடுமை ஏச்சில்தான் தொடங்கியது. ஏச்சுக்கு எந்த ஊரில் பஞ்சம்? பச்சைமலை அடிவாரத்து எங்கள் பூலாம்பாடி ஆகட்டும், உங்கள் ஊர் ஆகட்டும், நிறத்தை, உடம்பை, திக்குவாயை, தந்தையின் தொழிலை, தலையில் இருக்கும் தொப்பியை, அணிந்திருக்கும் முக்காட்டை வைத்துப் பட்டப்பெயர் சூட்டும் பழக்கம் எங்கும் இருக்கிறது.

பிள்ளை அழுதுகொண்டு வந்து சொன்னால் நாம் என்ன சொல்கிறோம்? "நீ ஒதுங்கிப் போ. ஸப்ரு செய். அல்லாஹ் பார்த்துக்கொள்வான்." பொறுமை உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. ஆனால், பத்து வயதுப் பிள்ளையைத் தனியே அநியாயத்தின் முன் நிறுத்திவிட்டு, பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்வதற்குப் பொறுமை என்று பெயரில்லை. பொறுமையைப் பிள்ளைக்கு உபதேசிப்பவர், அநியாயத்தைத் தடுக்கும் பொறுப்பைத் தாம் ஏற்க வேண்டாமா?

பெண் பிள்ளை ஏன் மறைக்கிறாள்?

பெண் மக்களின் நிலை இதனினும் வேதனையானது. பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் தொல்லை தருகிறான், வகுப்பில் ஒருவன் தகாத சொல் பேசுகிறான் என்று மகள் சொன்னால், பல வீடுகளில் முதல் தீர்ப்பு என்ன? "நாளையிலிருந்து நீ பள்ளிக்கூடம் போக வேண்டாம்." குற்றம் செய்தவன் வகுப்பில் இருக்கிறான், குற்றத்தைச் சொன்னவள் அடுப்படியில் இருக்கிறாள்! சொன்னால் படிப்புப் போய்விடும் என்று அறிந்த பிள்ளை எப்படிச் சொல்வாள்? அவளது மௌனத்தை நாணம் என்று நாம் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனவே, பெற்றோர் முதலில் கொடுக்க வேண்டிய வாக்குறுதி ஒன்று உண்டு. "நீ எதைச் சொன்னாலும் உன் படிப்பு நிற்காது." இதனைத் தொல்லை வந்த பிறகு அல்ல, அதற்கு முன்பே மகளிடம் சொல்லி வைக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

பிள்ளை சொல்லும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். "நீ என்ன செய்தாய்?" என்று விசாரணையைப் பிள்ளையிடமிருந்தே தொடங்காதீர்கள். நாள், இடம், பெயர், நடந்தது ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். மறுநாளே தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் கொடுத்து, நகலில் கையொப்பம் பெறுங்கள். வாய்ச்சொல் மறுநாள் மறந்துபோகும். தேதியிட்ட காகிதம் மறக்காது. புகார் கொடுத்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இன்று முதல் என் பிள்ளையை வகுப்பில் கவனிப்பவர் யார்? இடைவேளையில் கவனிப்பவர் யார்? வீடு திரும்பும் வழியில் துணை யார்? சில வாரங்களுக்குப் பெற்றோரில் ஒருவரோ, நம்பத்தகுந்த உறவினரோ உடன் சென்று வருவது நல்லது.

ஆத்திரத்தில் எதிர் வீட்டு வாசலுக்குப் போகாதீர்கள். பிள்ளைகளின் சச்சரவு இரு தெருக்களின் சண்டையாகவும், இரு சமூகங்களின் பகையாகவும் மாற நெடுநேரம் ஆகாது. அதில் முதலில் நசுங்குவது சொன்ன பிள்ளைதான்.

நம் பகுதியில் பல வீடுகளில் அத்தா மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருப்பார். தாய் மட்டும் தனியே பள்ளி அலுவலகம் செல்லத் தயங்குவார். அந்தத் தயக்கம் தேவையற்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அங்கே பேசுவது தாயின் உரிமை.

பள்ளி செவி சாய்க்காவிட்டால், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணையோ, குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐயோ அழைக்கலாம். பாலியல் தொல்லை என்றால் அது வீட்டுக்குள் பேசி முடிக்கும் காரியமே அன்று. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் அதனைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பிள்ளையின் பெயரை வெளியிடுவதையும் அதே சட்டம் தடை செய்கிறது. மானம் போய்விடும் என்ற அச்சத்திற்குச் சட்டமே திரையிட்டிருக்கிறது.

செய்தவன் நம் பிள்ளையானால்?

இதுவரை படித்தபோது, தொல்லைக்கு ஆளான இடத்தில்தான் நம் பிள்ளையை வைத்துப் பார்த்திருப்போம். தொல்லை கொடுப்பவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே! அவ்வீடு நம் வீடாக இருந்தால்?

பரிகசிப்பதையும் பட்டப்பெயரால் அழைப்பதையும் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமான 'அல் ஹுஜுராத்' வெளிப்படையாகத் தடுத்திருக்கிறது. அநியாயம் செய்பவனுக்கு நாம் செய்யும் உதவி, அவனை அதிலிருந்து தடுப்பதே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். ஆகவே, புகார் வந்தால், "என் மகன் அப்படிச் செய்யமாட்டான்" என்று வாதாடுவது அவனுக்குச் செய்யும் உதவி ஆகாது. கேலிதானே என்று தட்டிக் கொடுத்தவை எங்கே கொண்டு விடும் என்பதைத் தமிழகம் கண்டிருக்கிறது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்ட பின்னரே 1997இல் ராகிங் தடைச் சட்டம் இங்கு பிறந்தது. ஈராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது.

மத்ரஸாக்களில் பணிபுரியும் எங்களுக்கும் இதில் விலக்கு இல்லை. பெரிய பிள்ளைகள் சிறியவர்களை ஏவுவதும், மெதுவாக ஓதும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதும் அங்கேயும் நடக்கக் கூடியவையே. உஸ்தாதின் பார்வை கிதாபின் மீது மட்டும் இருந்தால் போதாது.

நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூன் மாதம் தன் அறிக்கையை அளித்தது. ஐந்நூறு மாணவருக்கு மேல் உள்ள மேல்நிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு நல அலுவலர் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. நல்ல பரிந்துரை. ஆனால், கிராமத்துச் சிறு பள்ளிகளில் அந்தத் தொகை தேறாது. அங்கே நல அலுவலர் பெற்றோராகிய நாம்தான்.

இன்றிரவு உணவுக்குப் பின் பிள்ளையை அருகில் அழைத்துக் கேளுங்கள். அவன் சொன்னால், அவள் சொன்னால், நாளைக் காலை பள்ளிக்கூட வாசலில் நீங்கள் நில்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அதைக் கண்ட பிள்ளை அடுத்த முறையும் உங்களிடம் சொல்லும்.