மட்டம் மட்டும் போதாது

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரிலிருந்து மேற்கே செல்லும் 10-ஆம் எண் நெடுஞ்சாலை சற்று தூரத்திலேயே குன்றுகளுக்கிடையே ஏறி இறங்கத் தொடங்கிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் காலையில், அந்தச் சாலையில் என் தம்பி ஓட்டிய பிக்-அப் வண்டியில் அவனுக்கு அருகில் அமர்ந்திருந்தேன். பின் இருக்கையில் அவன் மனைவியும் இரண்டு குழந்தைகளும். வண்டிக்குப் பின்னால், அடுக்களையும் படுக்கைகளும் கொண்ட, சுமார் 2,700 கிலோ எடையுள்ள டிரெய்லர். பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் நான்கு நாள்கள் தங்கிவருவது எங்கள் திட்டம்.

ஓர் இறக்கத்தில் பெரிய சரக்கு லாரி ஒன்று எங்களைக் கடந்து சென்றது. அது தள்ளிய காற்றில் டிரெய்லரின் பின்முனை மெல்ல ஒரு பக்கம் ஒதுங்கியது. பிறகு மறுபக்கம் வந்தது. ஒவ்வோர் அசைவும் முந்தையதைவிடப் பெரிதாக இருந்தது. நான்காவது அசைவில் பிக்-அப்பின் பின்பகுதியையே அது இழுத்து ஆட்டியது. தம்பியின் கால் பிரேக்கை நோக்கிச் சென்றது. 'மிதிக்காதே! டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடி' என்று கத்தினேன். ஓட்டுநரின் கைக்கருகில் அதற்கென்று தனி விசை உண்டு. அதை அவன் அழுத்தியதும், பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல டிரெய்லர் நேரானது. வண்டியை ஓரமாக நிறுத்திய பிறகும் வெகுநேரம் எவரும் பேசவில்லை.

முப்பது ஆண்டுகள் பாலிடெக்னிக் ஒன்றில் மோட்டார் வாகனப் பொறியியல் கற்பித்தவன் நான். புறப்படுவதற்கு முன் அந்த வண்டியைச் சுற்றிவந்து பார்த்து, 'நன்றாக மட்டமாக நிற்கிறது' என்று பாராட்டியவனும் நானே. அந்த மட்டம்தான் என்னை ஏமாற்றியது.

நடந்தது இதுதான். பிக்-அப் வண்டிகள் வெறுமையாக இருக்கும்போது பின்புறம் சற்று உயர்ந்தே நிற்கும். சுமை ஏற்றினால் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி வண்டி மட்டத்துக்கு வரவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு வடிவமைக்கிறார்கள். தம்பியின் வண்டியில் டிரெய்லரை மாட்டும் இடம் தரையிலிருந்து 25 அங்குல உயரத்தில் இருந்தது. டிரெய்லரோ, மட்டமாக நிற்க இணைப்புக் குண்டு 20 அங்குலத்தில் இருக்கவேண்டியது. டிரெய்லரின் மூக்கு மேல்நோக்கி நின்றால் அதன் பின்முனைக்குச் சுமை சாயும். பின் அச்சின் டயர்கள் அதிகம் சூடேறும். எனவே உயர வித்தியாசத்தைச் சரிசெய்யத்தான் வேண்டும். அதற்கு எளிய வழி, குண்டைத் தாங்கும் இரும்புத் தண்டை மாற்றுவது. தேவையான அளவுக்குக் கீழே தாழ்ந்த தண்டுகள் வாகன உதிரிபாகக் கடைகளில் கிடைக்கின்றன. மாற்றுவது பத்து நிமிட வேலை.

தம்பி ஒரு பட்டறைக்குச் சென்றான். அவர்கள் தண்டை விட்டுவிட்டு வண்டியின் பின்புறத்தையே ஐந்து அங்குலம் தாழ்த்திக் கொடுத்தார்கள். பின் அச்சு வழக்கமாக ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கீழே இருக்கும். அதைப் பட்டைகளுக்கு மேலே மாற்றிப் பொருத்தினால் வண்டியின் உடல் அந்த அளவுக்கு இறங்கிவிடும். பார்ப்பதற்கும் அழகாகத்தான் இருந்தது.

ஆனால் இறங்கியது உயரம் மட்டுமன்று. அச்சுக்கும் அதற்கு மேலுள்ள சட்டத்துக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. பள்ளத்தில் விழுந்தாலும் சுமை ஏற்றினாலும் அச்சு மேலே வர அந்த இடம் வேண்டும். அதன் எல்லையில் ஒரு ரப்பர் தடுப்பு இருக்கும். வண்டியை இவ்வளவு தாழ்த்தும்போது சட்டத்தில் அந்த இடத்தை வெட்டி, வளைந்த இரும்பால் வலுவூட்டி, அச்சுக்கு வழிவிட வேண்டும். அந்த வேலை செய்யப்படவில்லை. மிஞ்சியிருந்த இடைவெளி இரண்டு அங்குலமே. டிரெய்லரை மாட்டியவுடன் பிக்-அப் அந்த இரண்டு அங்குலமும் இறங்கி ரப்பரின்மேல் உட்கார்ந்துவிட்டது. அதற்குமேல் அமுங்க ஸ்பிரிங்குக்கு இடமில்லை. சாலையின் ஒவ்வொரு மேடும் நேராகச் சட்டத்தில் இடித்தது.

இப்போது டிரெய்லரின் மூக்கு தாழ்ந்து நின்றது. தம்பி தனக்குத் தோன்றிய வழியைக் கையாண்டான். ஜெனரேட்டரையும் தண்ணீர்க் கேன்களையும் டிரெய்லரின் முன்பகுதியிலிருந்து எடுத்துப் பின்பகுதியில் வைத்தான். மிதிவண்டிகளைப் பின்முனையில் கட்டினான். மூக்கு உயர்ந்தது, வண்டியும் டிரெய்லரும் ஒரே கோட்டில் நின்றன. நான் பார்த்துப் பாராட்டிய மட்டம் இதுதான்.

டிரெய்லரின் மொத்த எடையில் ஒரு பங்கு, இணைப்புக் குண்டின்மேல் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். இதை மூக்குச் சுமை எனலாம். அமெரிக்காவில் இவ்வகை டிரெய்லர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு, மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை. ஐரோப்பாவில் இதைவிடக் குறைந்த அளவே வழக்கம். ஆனால் அங்கே டிரெய்லர் இழுக்கும் கார்களுக்கு வேக வரம்பும் குறைவு. ஜெர்மனியில் பொதுவாக மணிக்கு 80 கி.மீ.; தனி அனுமதி பெற்ற வண்டிகளுக்கு 100 கி.மீ.

மூக்குச் சுமை குறைந்தால் என்ன ஆகும்? எடை பின்னுக்குச் செல்லச் செல்ல டிரெய்லர் ஊசல் குண்டுபோல ஆகிறது. சிறிய தள்ளலில் தொடங்கும் ஆட்டம், குறைந்த வேகத்தில் தானே அடங்கிவிடும். வேகம் கூடக் கூட அடங்கும் தன்மை குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஆட்டம் அடங்குவதற்குப் பதில் வளர்கிறது. அப்போது பிக்-அப்பின் பிரேக்கை மட்டும் அழுத்தி மிதித்தால், முன்வண்டி தயங்க, டிரெய்லர் பின்னாலிருந்து முட்டித் தள்ளும். இரண்டும் கத்திரிக்கோல்போல மடங்கிவிடக்கூடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் இயக்கினால், அது பின்னுக்கு இழுபட்டு நேராகும்.

அடுத்த லாரி நிறுத்தத்தில் எடைமேடை ஒன்று இருந்தது. பிக்-அப்பைத் தனியாகவும், டிரெய்லரை மாட்டிய பிறகு அதே பிக்-அப்பின் சக்கரங்களை மட்டும் ஏற்றியும் எடை பார்த்தோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே மூக்குச் சுமை: 160 கிலோ. அதாவது, 6 விழுக்காடு. குறைந்தது 270 கிலோவாவது இருந்திருக்க வேண்டும். குழந்தைகளின் முகவாட்டத்தைப் பொறுத்துக்கொண்டு, சுமையை மாற்றிவைத்து, மெதுவாக ஓட்டி வீடு திரும்பினோம்.

மூக்குச் சுமை கூடினால் மட்டும் போதும் என்பதும் இல்லை. நம் ஊரில் கரும்பு ஏற்றிய டிராக்டரின் முன்சக்கரங்கள் மேட்டில் ஏறும்போது தரையைவிட்டு எழுவதைப் பலரும் பார்த்திருப்போம். அதே நெம்புகோல் விதி இங்கும் உண்டு. குண்டு, பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருக்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 3.7 மீட்டர் என்று கொள்வோம். குண்டின்மேல் 330 கிலோ அழுத்தினால், முன் அச்சிலிருந்து சுமார் 134 கிலோ குறைகிறது. பின் அச்சிலோ 464 கிலோ கூடுகிறது. முன்சக்கரங்கள் இலகுவானால் ஸ்டீயரிங்கின் பிடியும் பிரேக்கின் பிடியும் தளரும். இரவில் விளக்கொளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். இதற்காகவே, நீண்ட எஃகுத் தண்டுகளின் விசையால் சுமையின் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் திருப்பியனுப்பும் இணைப்புக் கருவிகள் இருக்கின்றன.

இதில் எதையும், வண்டியைத் தாழ்த்துவதால் பெற முடியாது. காற்றுப் பைகளைப் பொருத்திப் பின்புறத்தைத் தூக்கினாலும் தோற்றம் மாறுமே தவிர, அச்சுகள் தாங்கும் எடை மாறாது. முறையாகச் சட்டம் வெட்டி, தகுந்த ஸ்பிரிங்கும் பொருத்தித் தாழ்த்தப்பட்ட வண்டிகள் இலகுவான டிரெய்லர்களை இழுக்கவே செய்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உயர வித்தியாசம் மட்டுமே சிக்கலென்றால், மாற்ற வேண்டியது தண்டு, வண்டி அன்று.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். '4,000 கிலோ இழுக்கும்' என்று விளம்பரங்கள் உரக்கச் சொல்கின்றன. ஓட்டுநரின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சிறிய தாளோ, பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்கிறது. அது 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 4,000 கிலோ டிரெய்லரின் மூக்குச் சுமை, 12 விழுக்காடு என்றாலும், 480 கிலோ. மீதம் 220 கிலோதான். பெரியவர்கள் மூவர் அமர்ந்தாலே அது முடிந்துவிடும். இழுக்கும் திறனுக்கு வெகுமுன்பே தாங்கும் திறன் தீர்ந்துபோகிறது. முதல் எண்ணைப் பெரிய எழுத்திலும் இரண்டாவதைக் கதவிடுக்கிலும் வைப்பது நேர்மையான விற்பனை ஆகாது.

அரசுகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், குடும்பத்துக்காக இத்தகைய டிரெய்லரை இழுக்கச் சாதாரண கார் உரிமமே போதும். பிரிட்டனில், 1997-ஆம் ஆண்டு முதல் கார் உரிமம் பெற்றவர்கள் கனமான டிரெய்லரை இழுக்கத் தனித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. லாரி ஓட்டுநர் பற்றாக்குறையின்போது, லாரித் தேர்வுகளுக்கு இடம் ஒதுக்குவதற்காக, 2021 டிசம்பரில் அந்தத் தேர்வைக் கைவிட்டார்கள். இப்போது 3,500 கிலோ வரை எவரும் இழுக்கலாம். தேர்வு வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். மூக்குச் சுமையை எடைபோட்டுப் பார்க்க ஒரு மணி நேரப் பயிற்சியாவது கட்டாயமாக்கக் கூடாதா?

தம்பி பழையபடியே அச்சைப் பட்டைகளுக்குக் கீழே மாற்றிவிட்டான். தாழ்ந்த தண்டும், சுமையைப் பகிரும் இணைப்பும் பொருத்தினான். மூக்குச் சுமை இப்போது 330 கிலோ. அடுத்த வசந்தத்தில் அவர்கள் பிக் பெண்ட் சென்று திரும்பினார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் எடைமேடைக்குப் போகிறான். சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறான். அதைக் கண்ட பிறகுதான் எனக்கு நிம்மதி. வண்டி மட்டமாக நிற்கிறதா என்பதைக் கண் சொல்லிவிடும். சுமை சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை எடைமேடைதான் சொல்ல வேண்டும்.